மேட்டுக்கு அடியில் ஓர் ஆறு

சோப்புக் கட்டியில் நான் மெழுகு ஊற்றுவதை அத்தை பார்த்துவிட்டார். அப்போது எதுவும் கேட்கவில்லை. மறுநாள் காலை காப்பியை வைத்துவிட்டு நகராமல் நின்றார்.

"மாப்பிள்ளை, சின்னவனுக்குத் தெரிஞ்ச டாக்டர் ஒருத்தர் இருக்காராம். ரொம்பப் பொறுமையாப் பேசுவாராம்."

"எனக்கு ஒண்ணும் இல்ல அத்தை."

"ஒண்ணும் இல்லாதவங்க சோப்புல மெழுகு ஊத்துவாங்களா?"

நியாயமான கேள்வி. ஆனால் பதில் சொல்ல இன்னும் கொஞ்ச நாள் வேண்டியிருந்தது. சோப்பு தேய வேண்டும்.

அத்தை என் மனைவியின் அம்மா. மனைவி இறந்து ஒன்றரை வருடம் ஆகிறது. அவள் வளர்ந்த வீட்டின் மாடி அறையில் இருக்கிறேன். எல்லாம் முடிந்து ஒரு வாரம் தங்கலாம் என்று வந்தவன். யாரும் கிளம்பச் சொல்லவில்லை. எனக்கும் கிளம்பத் தோன்றவில்லை. அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டதும் இல்லை.

கீழ்த்தளம் முழுக்க அத்தையின் சலவைக்கூடம். சுவரோரம் ஆளுயரத்துக்கு இரண்டு துவைக்கும் இயந்திரங்கள். பின்கட்டில் கொதிகலன். ஜன்னலை ஒட்டி இஸ்திரி மேசைகள், அவற்றின் மேல் கருகிய போர்வைகள். முற்றத்தில் வரிசையாகக் கம்பிகள். அங்கே வருவதில் பெரும்பாலானவை மருத்துவமனைப் படுக்கை விரிப்புகள். அத்தை துவைத்த விரிப்பை இருட்டில் தொட்டே சொல்லிவிடலாம் என்று மருத்துவமனை ஸ்டோரைப் பார்த்துக்கொள்பவர் எல்லோரிடமும் சொல்வார்.

இந்தக் கோடையில் கிணறு கையை விரித்துவிட்டது. தண்ணீர் இருந்தபோதே அதில் உப்பு. நுரை வருவதற்குள் அத்தைக்கு நுரை தள்ளிவிடும். இப்போது அதுவும் இல்லை. லாரித் தண்ணீர் குடிக்கவும் சமைக்கவும் சரியாக இருந்தது. இயந்திரங்கள் வாயைத் திறந்தபடி கிடந்தன.

இதில் வேடிக்கை, மாமாவும் மைத்துனனும் செய்யும் தொழிலே ஆழ்துளைக் கிணறு போடுவதுதான். சொந்தமாக போர்வெல் வண்டி வைத்திருக்கிறார்கள். ஊருக்கெல்லாம் போர் போடுகிற வீட்டில் தண்ணீர் இல்லை. இதைச் சொல்லிச் சிரிக்காத ஆள் ஊரில் இல்லை. மாமா சும்மா இருக்கவில்லை. சமவெளியில் எங்கெல்லாம் தாழ்வாக இருக்கிறதோ அங்கெல்லாம் துளைத்துப் பார்த்தார். களிமண். அதற்குக் கீழே மேலும் களிமண். ஓரிடத்தில் கொஞ்சம் ஈரம் வந்தது. வாயில் வைத்தவுடன் துப்பினார்.

மருத்துவமனையிலிருந்து தகவல் வந்தது. வெள்ளிக்கிழமை மாலைக்குள் முடியுமா முடியாதா என்று சொல்ல வேண்டும். முடியாது என்றால் வேலை நகரத்தில் இருக்கும் பெரிய நிறுவனத்துக்குப் போய்விடும். மறுநாள் சனிக்கிழமை மாமாவின் வண்டி வெகுதூரத்தில் ஒரு வேலைக்குக் கிளம்புகிறது. மழைக்காலம் முடிந்துதான் திரும்பும். கூடத்தை மூட வேண்டி வந்தால் அத்தை தன் தங்கை வீட்டுக்குப் போய்விடுவது என்றும், வீட்டைப் பூட்டிவிடுவது என்றும் பேச்சு இருந்தது. என் பெயர் அந்தப் பேச்சில் வரவில்லை. நான் உள்ளே நுழைந்ததும் பேச்சை மாற்றினார்கள்.

சோப்பு தயாரானதும் எல்லோரையும் இஸ்திரி மேசைக்குக் கூப்பிட்டேன். மாமா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். மைத்துனன் மேசை மேல் ஏறி உட்கார்ந்தான். வயது இருபத்தாறு ஆகியும் அவன் வீட்டில் சின்னவன்தான்.

"டாக்டர் நம்பர் என்கிட்டதான் இருக்கு மச்சான். கூச்சப்படாதீங்க."

நான் சோப்பை மேசையில் வைத்தேன். "இது என்ன?"

"சோப்பு."

"நடுவுல?"

"உங்க மெழுகு."

"ஊத்தும்போது மெழுகு எங்க இருந்துச்சு?"

அத்தைதான் நேரில் பார்த்தவர். "பள்ளத்துல. சோப்புல கத்தியால வாய்க்கா மாதிரி நெளிநெளியாக் கீறி அதுக்குள்ள ஊத்துனீங்க."

"இப்ப எங்க இருக்கு?"

மூவரும் குனிந்தார்கள். அந்தச் சோப்பால் சில வாரங்கள் என் சட்டைகளைத் துவைத்திருந்தேன். சோப்பு தேய்ந்துவிட்டது. மெழுகு தேயவில்லை. வாய்க்காலில் ஊற்றிய மெழுகு இப்போது சோப்பின் முதுகில் சுவர் போல நெளிந்து நின்றது.

"மேடாயிடுச்சே," என்றார் அத்தை.

"சோப்புதான் நம்ம சமவெளி. களிமண்ணு. வாய்க்கால்தான் ஆறு. ரொம்பக் காலத்துக்கு முன்னாடி ஓடின ஆறு. மேற்க இருக்கற ரெண்டு மொட்டை மலையும் எரிமலை. அதுங்க கக்கின நெருப்புக் குழம்பு, எது தாழ்வோ அது வழியாத்தான ஓடும்? ஆத்துக்குள்ள இறங்கிடுச்சு. ஆத்தையே நிரப்பிக் கல்லாயிடுச்சு. அப்புறம் ஆறு என்ன பண்ணும்? கல்லோட ரெண்டு பக்கமும் புது வழி பிடிச்சு ஓடுச்சு. வழியில இருந்த மண்ணை எல்லாம் அரிச்சு அரிச்சு எடுத்துட்டுப் போயிடுச்சு. கருங்கல்லை மட்டும் அதால ஒண்ணும் பண்ண முடியல. கடைசியில பள்ளம் மேடாச்சு. மேடு பள்ளமாச்சு."

இவ்வளவு நீளமாக நான் பேசி ரொம்ப நாளாயிற்று. மூவரும் இப்போது சோப்பைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்கள்.

மாமாதான் முதலில் பேசினார். "அப்ப ஊருக்குப் பின்னாடி நிக்கற மேடு..."

"ஆறு."

"அது மேல ஏறிப் போர் போடணும்கறீங்க."

"கருங்கல்லைத் தாண்டிப் போடணும் மாமா. அடியில பழைய ஆத்து மணலும் கூழாங்கல்லும் இருக்கும். குவாரியில ஒரு ஓரத்துல பார்த்தேன். கருங்கல்லுக்குக் கீழ உருண்டை உருண்டையாக் கல்லு. அப்படி உருட்டறதுக்கு ஆத்தாலதான் முடியும்."

குவாரியில்தான் எனக்கு வேலை. கல்லூரியில் நிலவியல் படித்தவன். எந்தப் பக்கம் வெடி வைத்தால் நல்ல கல் வரும் என்று சொல்வதற்குச் சம்பளம் தருகிறார்கள். அந்த ஓரம் காய்ந்துதான் கிடந்தது. ஆற்றின் கரையாக இருந்திருக்கும். நடு ஆறு இன்னும் ஆழத்தில் இருக்க வேண்டும். நான் சொல்லக்கூடியது அவ்வளவுதான்.

"அங்க நிச்சயமா இருக்குமா?" என்றார் மாமா.

"இருக்கலாம். இல்லாமலும் போகலாம்."

சின்னவன் மேசையிலிருந்து குதித்தான். "மச்சான், ஊர்ல நமக்குக் கொஞ்சநஞ்சம் மரியாதை இருக்கு. மேட்டு மேல போர் போட்டா அதுவும் போச்சு."

"இருக்கா? எங்கடா இருக்கு? எனக்கும் காட்டேன்," என்றார் அத்தை. பிறகு மாமாவைப் பார்த்தார். "பள்ளத்துல போட்டுத்தான் பார்த்தாச்சே. மேட்டுலயும் போட்டுடுங்க."

வெள்ளிக்கிழமை விடிந்தபோது வண்டி குவாரிப் பாதை வழியாக மேட்டின் மேல் ஏறியிருந்தது. மேலே நின்று பார்த்தால் சமவெளி ஒரு பெரிய தட்டு. ஒரு மரம் இங்கே, ஒரு மரம் அங்கே. எங்கள் வீட்டு முற்றத்துக் கம்பிகள் காலியாக மின்னின. மேட்டின் முதுகு மேசை போலத் தட்டை. புல் கூட அங்கே யோசித்துத்தான் முளைத்திருந்தது.

மாமாவின் வண்டியில் ஒரு விதி உண்டு. துளை போடும் இடத்தில் தண்ணி என்ற சொல்லை யாரும் வாயில் எடுக்கக் கூடாது. விருந்தாளி என்றுதான் சொல்ல வேண்டும். பெயரைச் சொல்லி அதட்டிக் கூப்பிட்டால் யார் வருவார்கள், மரியாதை கொடுத்தால்தானே வருவார்கள் என்பது அவர் கட்சி. விதியை மீறியவர் துளையில் அடுத்து இறக்கும் இரும்பு ராடின் மரைக்குக் கிரீஸ் தடவ வேண்டும். கிரீஸ் கையை விட்டுப் போக இரண்டு நாள் ஆகும்.

அன்று முதலில் மாட்டியவர் தண்ணி லாரிக்காரர். வண்டியைக் கீழே நிறுத்திவிட்டு மூச்சு வாங்க மேலே ஏறி வந்தார். வந்ததும் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு சிரித்தார்.

"என்னய்யா இது, மொட்டை மாடியில கிணறு தோண்டறீங்க? தண்ணி என்ன படியேறியா வரும்?"

மாமா கிரீஸ் டப்பாவை நீட்டினார்.

"இது எதுக்கு?"

"சொல்லிட்டீங்கல்ல. தடவுங்க."

"என்ன சொல்லிட்டேன்? தண்ணின்னுதான சொன்னேன்?"

"ரெண்டு தடவை ஆச்சு. ரெண்டு ராடு."

லாரிக்காரர் சட்டைக் கையை மடித்துக்கொண்டார். "என் பொழப்பே இந்த ஓட்டையிலதான் இருக்கு. வந்தாலும் பார்க்கணும், வராட்டியும் பார்க்கணும். தடவறேன், வேற என்ன பண்ண?"

கம்ப்ரசர் உறுமத் தொடங்கியது. அதன்பிறகு பேச்சு கிடையாது, கைச்சாடைதான். சுத்தியல் கருங்கல்லை இடிக்க இடிக்க, துளையிலிருந்து கரும்புழுதி பீறிட்டு எழுந்து எங்கள் மேல் படிந்தது. சீக்கிரத்தில் நாலு பேரும் ஒரே நிறமானோம். ஒவ்வொரு ராடு இறங்கியதும் வெளியே வந்த தூளில் ஒரு பிடி எடுத்துப் பார்த்தேன். கருங்கல். கருங்கல். நடுவே ஓரிடத்தில் செங்கல் பொடி மாதிரி கொஞ்சம் சிவப்பு. எரிமலை ஒரு தடவை கக்கிவிட்டு, இளைப்பாறி, மறுபடி கக்கியிருக்கிறது. இடைவெளியில் மேலே படிந்த மண் இரண்டாவது குழம்பில் வெந்து செங்கல்லாகிவிட்டது. இதைச் சாடையில் சொல்ல முடியாது. சும்மா தலையாட்டினேன். மாமாவும் ஆட்டினார்.

நடுவில் ராடு நுனியில் கல்லை இடிக்கும் பிட்டு மழுங்கிவிட்டது. ராடு எல்லாவற்றையும் மேலே இழுத்து, புதுப் பிட்டு மாட்டி, மறுபடி இறக்க வெகுநேரம் பிடித்தது. அந்த இடைவேளையில் துளை வாயைத் திறந்தபடி கிடக்க, நாங்கள் வண்டியின் நிழலில் உட்கார்ந்து தேநீர் குடித்தோம். சின்னவன் மட்டும் காலாற நடந்துவிட்டு வந்தான்.

மறுபடி தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் சத்தம் மாறியது. இடிப்பது போய் எதையோ நொறுக்குகிற சத்தம். மாமா கையைத் தூக்கினார். சின்னவன் நிறுத்தினான். அந்த அமைதியில் காது ரீங்கரித்தது.

மாமா குனிந்து துளையின் வாயோரம் ஒரு பிடி அள்ளினார். கருப்பாக, பளபளவென்று, கூர்கூராகச் சில்லுகள். அவர் உள்ளங்கையில் ஒரு பொட்டு ரத்தம்.

"கண்ணாடி," என்றார்.

பிறகு மெதுவாகத் திரும்பி மகனைப் பார்த்தார்.

"டேய், எந்தப் பாட்டில்டா இது?"

"என்ன பாட்டில்?"

"துளையத் திறந்து போட்டிருந்தப்ப நீ மட்டும் எந்திரிச்சுப் போன. வந்த. இப்ப உள்ள இருந்து கருப்புக் கண்ணாடி வருது. கருப்பு பாட்டில்ல என்னடா விப்பாங்க?"

லாரிக்காரர் உதவிக்கு வந்தார். "பீருதான்."

"நீங்க சும்மா இருங்கண்ணே! அப்பா, சத்தியமா நான் இல்லப்பா."

"துளைக்குள்ள பாட்டில எறிஞ்சுட்டு சத்தியம் வேறயா? எப்ப இருந்துடா குடிக்கிற?"

"யாரு குடிக்கிறா?"

அத்தை. சாப்பாட்டுத் தூக்கோடு அப்போதுதான் மேட்டில் ஏறி வந்திருந்தார். தூக்கைக் கீழே வைத்தார். நிமிர்ந்தார். சின்னவன் ஓரடி பின்வாங்கினான்.

"ஒரே ஒரு தடவைம்மா. அதுவும் போன வருஷம். அதுவும் அந்தப் பாட்டில் பச்சைக் கலரு."

"கலரு வேற ஞாபகம் வெச்சிருக்கான் பாரு, மகராசன்."

"மாமா," என்றேன். யாருக்கும் கேட்கவில்லை.

"நான் கேட்டப்ப எல்லாம் சோடான்னு சொன்னியேடா!"

"அது சோடாதாம்மா!"

"மாமா."

"ராடை எல்லாம் மேல எடு," என்று மாமா கத்தினார். "பாட்டிலோட மூடி, கழுத்து எல்லாம் பிட்டுல சிக்கியிருக்கும். எடுத்துப் பார்க்காம ஓட்டினா பிட்டு உள்ளயே போயிடும். எடுறா! இன்னைக்குப் பொழுது போச்சு. எல்லாம் போச்சு."

ராடு எல்லாவற்றையும் மேலே எடுத்தால் மறுபடி இறக்குவதற்குள் இருட்டிவிடும். சின்னவன் நெம்புகோலில் கையை வைத்தான்.

"மாமா! அது பாட்டில் இல்ல!"

கத்தியது நான்தான். அந்த வீட்டில் என் குரல் அந்த உயரத்துக்குப் போனதில்லை. நாலு பேரும் திரும்பினார்கள்.

மாமாவின் கையிலிருந்த சில்லுகளைக் கிளறி ஒன்றைப் பொறுக்கினேன். ஒரு பக்கம் கண்ணாடி. மறுபக்கம் சாம்பல் நிறக் கல். நடுவே ஒட்டு இல்லை, ஒன்று மற்றொன்றாக மாறியிருந்தது.

"பாட்டிலோட கருங்கல்லு சேர்ந்தா வளரும்? பாருங்க. இதுவும் எரிமலைக் குழம்புதான். மெல்ல ஆறினாக் கல்லாகும். சட்டுனு ஆறினாக் கண்ணாடியாயி நொறுங்கிடும். அவ்வளவு சட்டுனு ஆறணும்னா அது விழுந்த இடத்துல..."

எல்லோரும் என் வாயையே பார்த்தார்கள். லாரிக்காரர் கிரீஸ் டப்பாவை எடுத்துத் தயாராக வைத்துக்கொண்டார்.

"...விருந்தாளி இருந்திருக்கணும்."

மாமா சில்லை வாங்கி மூக்குக் கண்ணாடிக்கு அருகே வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நகத்தால் சுரண்டினார். பல்லில் வைத்தும் பார்த்தார்.

"அன்னைக்கு இருந்தாங்க. சரி, ஒத்துக்கறேன். இன்னைக்கு?"

"அது தெரியாது மாமா."

அவர் அத்தையைப் பார்த்தார். பிட்டு போனால் நாளைய வேலைக்குப் போக முடியாது. எடுத்துப் பார்த்தால் இன்றைய பொழுது போய்விடும். அத்தைக்கு இரண்டும் தெரியும். கெஞ்சவில்லை.

"அவன் குடிச்சதை வீட்டுல வெச்சு விசாரிச்சுக்கலாம்," என்றார். "நீங்க ஓட்டுங்க."

ஓட்டினோம். கண்ணாடி கொஞ்ச நேரம் வந்தது. பிறகு நின்றது. பிறகு துளையிலிருந்து ஏதோ தெறித்து லாரிக்காரரின் நெற்றியில் பட்டது. திட்டிக்கொண்டே கீழே தேடி எடுத்தார். எடுத்ததும் திட்டு நின்றது. என்னிடம் கொண்டுவந்து நீட்டினார். புறா முட்டையில் பாதி அளவு. வழவழவென்று, உருண்டையாக.

இன்னொன்று வந்தது. பிறகு கை நிறைய. வெள்ளை, சிவப்பு, தேன் நிறம். அன்று முழுக்கக் கருப்பையே பார்த்த கண்ணுக்கு அது திருவிழா. சின்னவன் இயந்திரத்தை விட்டு ஓடிவந்து என் தோளில் ஓங்கி அடித்தான். வாயசைவில் "ஆறு, ஆறு" என்றது தெரிந்தது. அத்தை ஒரு கல்லைப் புடவையில் துடைத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டார்.

பிறகு எனக்கு உறைத்தது. கல்லில் ஈரம் இல்லை. கூடவே வந்த மணல் விரலில் ஒட்டாமல் உதிர்ந்தது. புழுதி முன்போலவே பறந்தது. ஆறு இருந்தது. ஆற்றில் யாரும் இல்லை. மாமாவும் பார்த்துவிட்டார். சின்னவன் மெல்ல இயந்திரத்துக்குத் திரும்பினான்.

ராடு இறங்கி முடிந்தது. வண்டியில் இன்னும் ஒன்றுதான் மிச்சம்.

"கடைசி," என்று மாமா ஒரு விரலைக் காட்டினார்.

லாரிக்காரர் யாரும் சொல்லாமல் போய் அதன் மரைக்குக் கிரீஸ் தடவினார். நிதானமாக, ஓரிடம் விடாமல்.

கடைசி ராடு பாதி இறங்கியபோது புழுதி நின்றுவிட்டது. அடைப்பு என்று நினைத்தேன். மாமா கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார். அவர் அதை ஏன் செய்தார் என்று எனக்குப் புரிவதற்குள் துளை இருமியது. ஒரு கவளம் சேறு என் நெஞ்சில் வந்து அப்பியது. மறுபடி இருமியது. அடுத்து வந்தது இருமல் இல்லை.

வண்டியின் தூணைத் தாண்டி எழுந்தது. முதலில் கருப்பு, பிறகு மண் நிறம், பிறகு அதன் உச்சியில் வெயில் பட்டு வெள்ளை. மேலே போய் விரிந்து எங்கள் தலையில் கொட்டியது. கூழாங்கல்லும் சேர்ந்து கொட்டியது. யாரும் நகரவில்லை. அவ்வளவு குளிர்ச்சி.

"தண்ணி!" என்று அத்தை கத்தினார். "ஐயோ, தண்ணிங்க! தண்ணி!"

"அக்கா, மூணு ராடு!" லாரிக்காரர் டப்பாவைத் தூக்கிக்கொண்டு அவரைத் துரத்தினார். "தடவுங்க! தடவாம விட மாட்டேன்!"

"ராடுதான் தீர்ந்துபோச்சே, எதுல தடவ?"

"அப்ப எனக்குத் தடவிடுங்க!"

சின்னவன் வாயைத் திறந்தபடி வானத்தைப் பார்த்துக் குடித்தான். பாதி அவன் மூக்கில் போனது. மாமா துளைக்கு முன்னால் நின்று இரண்டு கையையும் கூப்பி, "வாங்க, வாங்க, இவ்வளவு நேரம் எங்க இருந்தீங்க," என்று சொல்லிக்கொண்டிருந்தார். கேலியாகச் சொல்லவில்லை.

அத்தைதான் முதலில் அமைதியானார்.

ஒரு வாளியை நீட்டிப் பிடித்து ஓரமாகக் கொண்டுபோய் வைத்தார். மண் கீழே படியும்வரை பக்கத்திலேயே குந்தியிருந்தார். மாமா கம்ப்ரசரை நிறுத்தச் சொன்னார். பொங்கியது அடங்கியது. யாரும் கேட்காமலே எல்லோருக்கும் புரிந்துவிட்டது. குடிக்கிற தண்ணீர் வேறு, துவைக்கிற தண்ணீர் வேறு. உப்புத் தண்ணீரில் நுரை எழாது, தயிர் திரிந்த மாதிரி ஆகும். துணியில் பழுப்பு ஏறும். மருத்துவமனை வாங்காது.

அத்தை ஒரு விரலை நனைத்து நாக்கில் வைத்தார். முகத்தில் எதுவும் தெரியவில்லை. முந்தானை முடிச்சை அவிழ்த்தார். உள்ளே சலவைத்தூள். காலையிலேயே முடிந்துகொண்டு வந்திருக்கிறார். சாப்பாட்டுத் தூக்கின் மேல்தட்டைக் காலிசெய்து, தெளிந்த தண்ணீரை மொண்டு, ஒரு சிட்டிகை போட்டு, மூடி, இரண்டு கையாலும் குலுக்கத் தொடங்கினார்.

அவருடைய கைப்பேசி அடித்தது. மருத்துவமனை ஸ்டோர்க்காரர். சின்னவன் திரையைப் பார்த்துவிட்டு உயர்த்திக் காட்டினான்.

"அடிக்கட்டும்," என்றார் அத்தை. குலுக்குவதை நிறுத்தவில்லை.

அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. அத்தை மூடியைத் திறந்தார்.

நுரை பொங்கி எழுந்து, விளிம்பைத் தாண்டி, அவர் மணிக்கட்டில் வழிந்து, முழங்கை வரை இறங்கியது. வெள்ளை. பால் காய்ச்சும்போது கூட அப்படிப் பொங்கிப் பார்த்ததில்லை. அத்தை அதையே பார்த்தார். பிறகு இடது கையை நீட்டினார். சின்னவன் கைப்பேசியைக் கொடுத்தான்.

"ஆமாங்க, நான்தான்... சத்தமா? சின்னவன்தான் குதிச்சுட்டு இருக்கான்... விரிப்புங்களா? அனுப்புங்க... எல்லாத்தையும் அனுப்புங்க. அங்க பழசு கிடந்தா அதையும் போட்டு அனுப்புங்க. என்ன சிரிக்கிறீங்க? நானா? நான் ஒண்ணும் அழலங்க. மூக்குல நுரை போயிடுச்சு."

மாமா அந்த நுரையில் ஒரு கை அள்ளிச் சின்னவன் தலையில் வைத்தார். "போன வருஷம் குடிச்சதுக்கு," என்றார். சின்னவன் மிச்சத்தை அள்ளி என் தலையில் வைத்தான். நான் என்ன செய்தேன் என்று எனக்கே தெரியவில்லை. சின்னவன் என் முகத்துக்கு நேரே குனிந்து உற்றுப் பார்த்தான்.

"அப்பா, இங்க வாங்களேன். மச்சானுக்குப் பல்லு இருக்குப்பா!"

கீழே ஊரில் கதவுகள் திறந்துகொண்டிருந்தன. மேட்டின் மேல் தண்ணீர் எழுந்து நின்றதைப் பார்த்திருக்கிறார்கள். குடம், வாளி, டப்பா, ஒருவர் கையில் குழந்தையைக் குளிப்பாட்டும் தொட்டி. பாதையில் வராமல் சரிவிலேயே ஏறி வந்தார்கள். போர் போடுகிற வீட்டில் தண்ணீர் இல்லை என்று சிரித்தவர்கள்தான் முன்னால் வந்தார்கள். இப்போதும் சிரித்துக்கொண்டுதான் வந்தார்கள். மாமா சட்டையைப் பிழிந்து மறுபடி போட்டுக்கொண்டு, "வரிசை, வரிசை," என்று எதிரே போனார். நாளைய பயணத்தை இரண்டு நாள் தள்ளிவைத்துவிட்டதாக வழியிலேயே அத்தைக்குச் சொன்னார். மோட்டார் இறக்க வேண்டும், வீடு வரைக்கும் குழாய் போட வேண்டும்.

லாரிக்காரர் என் பக்கத்தில் வந்து நின்றார். கிரீஸ் கையை எதில் துடைப்பது என்று தெரியாமல் விரித்தே வைத்திருந்தார்.

"தம்பி, இனி அவ்வளவு தூரம் ஓட்ட வேண்டாம். இங்கயே ரொப்பிக்கலாம். மதியம் வீட்டுல போய்ச் சாப்பிடலாம்." கொஞ்சம் யோசித்தார். "இந்த ஆறு எது வரைக்கும் போகுது?"

நான் கையைக் காட்டினேன். மேற்கே இரண்டு மொட்டை மலைகள். அங்கிருந்து மேடு புறப்பட்டு, இடப்பக்கம் வளைந்து, வலப்பக்கம் திரும்பி, எங்கள் காலடி வழியாகப் போய், ஊரைச் சுற்றி, கிழக்கே கண்ணுக்கெட்டும் தூரம் நெளிந்தது. இத்தனை நாள் அது கல்லாகத்தான் தெரிந்தது. படித்தவன் எனக்கும் அப்படித்தான். இப்போது ஒவ்வொரு வளைவும் தண்ணீர் திரும்பிய திருப்பம் என்று தெரிந்தது. எங்கே அவசரப்பட்டது, எங்கே சோம்பல் முறித்தது என்று கூடச் சொல்லிவிடலாம் போல இருந்தது.

"அட," என்றார் லாரிக்காரர். "அப்ப நாம நிக்கறது ஆத்துக்கு நடுவுல."

"ஆமாண்ணே."

அவர் தன் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார்.

அத்தை என்னைக் கூப்பிட்டார். வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதன் மேல் உட்கார்ந்து, ஈரத் தலையைப் பிரித்து விட்டுக்கொண்டிருந்தார்.

"மாப்பிள்ளை, குழாய் போடறப்ப மாடி ரூமுக்கும் ஒரு லைன் இழுத்துடச் சொல்றேன். பாவம், எத்தனை நாளைக்குத்தான் வாளி தூக்கிட்டு ஏறுவீங்க. குழாயைக் கதவுப் பக்கம் வெக்கவா, ஜன்னல் பக்கம் வெக்கவா?"

எதையாவது சொல்ல வேண்டும் என்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். சாதாரணமாகக் கேட்கிற மாதிரிதான் கேட்டார். ஆனால் தலைமுடியைப் பிரிப்பதை நிறுத்தியிருந்தார்.

"ஜன்னல் பக்கம் அத்தை," என்றேன்.